நாலு ஆறு: ஒரு கடவாய்ப்பல்லும் ஒரு ஸ்க்ரூவும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்ன இடங்களையும் மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

நடுவுல ரெண்டு வாரம் எபிசோட் வரல. "என்னப்பா, வேலை போயிடுச்சா?"ன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. வேலை இருக்கு. பல்லுதான் போயிடுச்சு.

கீழ்த்தாடை, வலது பக்கம், முதல் பெரிய கடவாய்ப்பல். பல் டாக்டருங்க அதை 46-னு எழுதுவாங்க. வாயை நாலு பாகமாப் பிரிச்சு ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நம்பர். நம்மளோட வலது கீழ்ப்பக்கம் 4. நடுவுல இருந்து எண்ணிட்டே போனா ஆறாவது பல். அதனால "நாலு ஆறு". நாற்பத்தாறுன்னு படிக்கக் கூடாது. எண்ணிக்கையைப் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கல, அது ஒண்ணுதான் எனக்குக் குறை.

இந்தப் பல்லுக்கு இன்னொரு விஷயம் இருக்கு. இது பால் பல் விழுந்த இடத்துல முளைக்கிறது இல்ல. 6 வயசு வாக்குல, பால் பல்லுக்கெல்லாம் பின்னாடி சத்தம் போடாம வரும். அதனால நிறைய வீட்டுல இதையும் பால் பல்லுன்னே நினைச்சு, "சொத்தையானா என்ன, விழுந்து முளைக்கும்"னு விட்டுடுவாங்க. முளைக்காது. தங்கச்சி தம்பி, அக்கா குழந்தைங்க யாராவது அந்த வயசுல இருந்தா இப்பவே வாயைத் திறந்து பாருங்க.

எப்படி உடைஞ்சது

2019. முதல் வேலை, பெருங்குடி ஆபீஸ், பக்கத்துலயே பிஜி. அந்த 46-ல ராத்திரி தூங்க விடாத வலி. ரூட் கெனால் பண்ணாங்க. 3,500 ரூபாய். வலி அன்னைக்கே போச்சு. டாக்டர் சொன்னாங்க: "மூணு வாரத்துல வந்து கேப் போட்டுக்கோங்க, 5,000 ஆகும்." நான் "சரி டாக்டர்"னு சொல்லிட்டு வந்தேன். அந்த மாசம் பைக் டியூ. அடுத்த மாசம் ஊர்ல ஒரு கல்யாணம். அப்புறம் 2020 லாக்டவுன், கோவில்பட்டிக்கு வந்துட்டேன். வலிக்கல, மறந்துட்டேன்.

கேப் எதுக்குன்னு எனக்கு அப்போ புரியல. அழகுக்குன்னு நினைச்சேன். ரூட் கெனால் பண்ணும்போது சொத்தையை எடுத்து, நரம்பு வரைக்கும் வழி வெட்டி, உள்ளே சுத்தம் பண்ணி அடைக்கிறாங்க. பல்லோட நடுப்பகுதி போயிடுது. மிச்சம் இருக்கிறது மெல்லிசான சுவர். கடவாய்ப்பல் மேலதான் கடிக்கிற பாரம் முழுக்க விழும். ஒவ்வொரு கடியும் அந்தச் சுவரை வெளிப்பக்கமாத் தள்ளும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குச் சுத்தி இரும்புப் பட்டா போடுவாங்கள்ல, மரம் பிரிஞ்சு போகாம இருக்க? கேப் அந்தப் பட்டா.

நான் பட்டா போடாம அஞ்சு வருஷத்துக்கு மேல வண்டி ஓட்டியிருக்கேன். நம்ம ஆபீஸ்ல "அடுத்த ஸ்பிரிண்ட்ல சரி பண்ணிக்கலாம்"னு ஒரு டிக்கெட் கிடக்கும்ல, அதே கதை.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் கடலை மிட்டாய். கடிச்சேன், "டக்"னு ஒரு சத்தம். வலியே இல்ல. நரம்பு ஏற்கனவே இல்லையே, எப்படி வலிக்கும்? நாக்குல ஒரு துண்டு வந்துச்சு. கடலைன்னு நினைச்சு மெல்லப் பாத்தேன். பல்லு.

முதல் கிளினிக்

சென்னைக்கு வந்தும் உடனே போகல. வலிக்கலையே! ஒரு மாசம் கழிச்சு ஈறுல சின்னதா ஒரு கொப்புளம். அமுக்குனா கெட்ட வாடையோட ஏதோ வருது. அப்போதான் பயந்து போனேன்.

முதல்ல போன இடம் நல்ல பளபளன்னு இருந்துச்சு. பேர் வேண்டாம். எக்ஸ்ரே எடுத்தாங்க, பத்து நிமிஷத்துல முடிவு: "பல்லு போயிடுச்சு சார், இன்னைக்கே எடுத்துட்டு இன்னைக்கே இம்ப்ளான்ட் போட்டுடலாம். 45,000. இன்னைக்கு புக் பண்ணா தள்ளுபடி இருக்கு, இஎம்ஐயும் இருக்கு." பல் எடுத்த குழியிலேயே உடனே இம்ப்ளான்ட் வைக்கிற முறை உண்மையாவே இருக்கு. ஆனா எலும்பு எவ்வளவு இருக்கு, உள்ளே சீழ் இருக்கா, இதெல்லாம் பாத்துட்டுத்தான் அதைச் சொல்லணும். "இன்னைக்கு மட்டும்"ங்கிற வார்த்தை என்னைக் கொஞ்சம் உறுத்துச்சு.

அங்கே ஒரு ஃபார்ம் குடுத்தாங்க. சர்க்கரை இருக்கா? இல்ல. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா? இல்ல. புகை பிடிப்பீங்களா? அதுக்கும் "இல்ல"ன்னு டிக் அடிச்சேன். இந்த டிக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வர்றேன்.

ரெண்டாவது டாக்டர்

நண்பன் ஒருத்தன் சொல்லி, ஐம்பது வயசு தாண்டின ஒரு டாக்டரம்மாகிட்ட போனேன். அவங்க எக்ஸ்ரேயை அப்புறம்தான் பாத்தாங்க. முதல்ல ஒரு மெல்லிசான அளவுக் கம்பியை எடுத்து பல்லைச் சுத்தி ஈறுக்குள்ள இறக்கிப் பாத்தாங்க. "2, 3, 2, 3..."ன்னு மில்லிமீட்டர் கணக்கு. ஒரே ஒரு இடத்துல மட்டும் கம்பி சர்ருனு உள்ளே போச்சு. "9"ன்னாங்க.

அவங்க விளக்கினது இதுதான். உடைஞ்ச பல் எல்லாமே போன பல் கிடையாது. ஈறுக்கு மேல சுத்திலும் ஒரு 2 மில்லிமீட்டராவது நல்ல பல் மிச்சம் இருந்தா, உள்ளே ஒரு போஸ்ட் வச்சு, மேல கட்டி, கேப் போட்டுக் காப்பாத்தப் பாக்கலாம். பழைய ரூட் கெனால்ல கிருமி இருந்தா திரும்பப் பண்ணலாம். ஆனா வேரே மேல இருந்து கீழ பொளந்திருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. அந்தப் பொளப்பு எக்ஸ்ரேல பல நேரம் தெரியாது. ஒரே இடத்துல குறுகலா, ஆழமா கம்பி இறங்குறதும், ஈறுல கொப்புளமும் சேர்ந்து வந்தா அதுக்கான வலுவான அடையாளம். எனக்கு ரெண்டும் இருந்துச்சு. பல்லை எடுத்ததுக்கு அப்புறம் கையில காட்டுனாங்க. வேருல மயிரிழை மாதிரி ஒரு கோடு, அடி வரைக்கும்.

ஆக ரெண்டு பேரும் சொன்ன முடிவு ஒண்ணுதான்: பல்லு போச்சு. ஆனா ஒருத்தர் சொன்னப்போ நான் நம்பல, இன்னொருத்தர் சொன்னப்போ நம்பினேன். ஏன்னா இவங்க எப்படி முடிவுக்கு வந்தாங்கன்னு எனக்குக் காட்டினாங்க. உங்களுக்கும் யாராவது "எடுத்துடலாம்"னு சொன்னா கேளுங்க: "காப்பாத்த முடியாதுன்னு எதை வச்சு சொல்றீங்க?" நல்ல டாக்டர் அதுக்குக் கோவப்பட மாட்டாங்க.

அம்மாவுக்கு ஃபோன் பண்ணேன். முதல் கேள்வி: "எய்யா, பல்லு புடுங்குனா கண்ணு போயிடும்பாகளே?" டாக்டரம்மாகிட்ட கேட்டேன். சிரிச்சாங்க. பல்லோட நரம்பும் பார்வை நரம்பும் வேற வேற, கவலைப்படாதீங்கன்னாங்க. அம்மா அரைமனசா ஒத்துக்கிட்டாங்க.

நாலு வழி

பல்லு எடுத்த இடத்துக்கு என்ன பண்றது? நாலு வழி.

ஒண்ணு, அப்படியே விட்டுடறது. ஒத்தைப் பல்லுதானே, இடது பக்கம் மென்னுக்கலாம். செலவு இல்ல. கடைசிக் கடவாய்ப்பல்லா இருந்தா பலபேருக்கு இதுவே போதும். 46-க்குக் கொஞ்சம் சிக்கல். பின்னாடி இருக்கிற பல் மெதுவா முன்பக்கம் சாயலாம். மேல இருக்கிற ஜோடிப் பல்லுக்குக் கீழ தாங்க ஆள் இல்லாததால அது கீழ இறங்கி வரலாம். எல்லாருக்கும் நடக்கும்னு இல்ல. நடந்தா மூணு பல்லோட பிரச்சினை.

ரெண்டு, கழட்டி மாட்டுற பல். ரொம்பக் குறைஞ்ச செலவு. எங்க அப்பாவுக்குப் பல் செட் இருக்கு. சாப்பிடுறதுக்குத்தான் பல்லு வேணும், ஆனா அவரு சாப்பிடும்போதுதான் அதைக் கழட்டி டம்ளர்ல போடுவாரு. கல்யாண வீட்டு ஃபோட்டோவுக்கு மட்டும் மாட்டுவாரு. எனக்கு அது வேண்டாம்னு தோணுச்சு.

மூணு, பிரிட்ஜ். முன்னாடி பல், பின்னாடி பல், ரெண்டையும் சுத்திச் செதுக்கி, மூணு பல் சேர்ந்த ஒரே கேப்பா மாட்டுறது. எனக்குச் சொன்ன விலை 18,000. சில வாரத்துல வேலை முடியும், அறுவை இல்ல. பக்கத்துப் பல்லுங்களுக்கு ஏற்கனவே கேப் தேவைப்பட்டா இதுதான் புத்திசாலித்தனம். என் விஷயத்துல ரெண்டு பக்கமும் சொத்தையே இல்லாத பல். எனாமல் ஒரு தடவை செதுக்குனா திரும்ப வளராது. ஒண்ணைத் தொலைச்சதுக்கு ரெண்டைச் செதுக்கணுமா?

நாலு, இம்ப்ளான்ட். எலும்புக்குள்ள டைட்டானியம் ஸ்க்ரூ, அது மேல ஒரு இணைப்பு, அது மேல கேப். பக்கத்துப் பல்லைத் தொடவே வேண்டாம். டாக்டரம்மா சொன்ன விலை கேப்போட சேர்த்து 38,000. விசாரிச்ச மத்த இடங்கள்ல 28,000-ல இருந்து 65,000 வரைக்கும் சொன்னாங்க. நம்ம ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பொதுவா விபத்துல அடிபட்டாத் தவிர பல் செலவைத் தராது. என்னோடதும் தரல. கை இறுக்கமா இருந்தா, சென்னையில ஃபோர்ட் ஸ்டேஷன் எதிர்ல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. அந்த மாதிரிக் கல்லூரி ஆஸ்பத்திரிங்கள்ல என்ன சிகிச்சை, என்ன செலவுன்னு போய்க் கேக்குறதுல தப்பே இல்ல. நேரம் அதிகமாகும், அவ்வளவுதான்.

ஒட்டிக்கிட்ட டைட்டானியம்

ஒரு உலோகத்தை எலும்புக்குள்ள வச்சா உடம்பு அதைத் தள்ளாதா? இதுதான் எனக்கு இருந்த பெரிய சந்தேகம். தேடிப் படிச்சேன்.

1950-கள்ல ஸ்வீடன்ல பெர்-இங்வார் பிரோனமார்க்னு ஒரு ஆராய்ச்சியாளர். அவரு பல் டாக்டர் இல்ல. எலும்புக்குள்ள ரத்த ஓட்டம் எப்படி நடக்குதுன்னு பாக்க, முயலோட கால் எலும்புல டைட்டானியத்தால ஆன ஒரு சின்னக் கருவியை வச்சாரு. ஆராய்ச்சி முடிஞ்சு கழட்டப் பாத்தா வரல. எலும்பு டைட்டானியத்தோட ஒட்டிக்கிச்சு. 1965-ல யோஸ்டா லார்சன்கிற ஒருத்தருக்கு, பிறவியிலேயே தாடைக் குறைபாடு இருந்தவருக்கு, முதன்முதலா பல்லுக்காக அதைப் பொருத்தினாரு. லார்சன் 2006-ல சாகுற வரைக்கும், நாப்பது வருஷம், அந்த இம்ப்ளான்ட்டுங்க அவர்கிட்ட வேலை செஞ்சுச்சு.

ஆக, இதுல பசை கிடையாது. ஸ்க்ரூவை வச்சுட்டு, எலும்பு வந்து பிடிச்சுக்கிறதுக்குக் காத்திருக்கணும். கீழ்த்தாடைக்குச் சுமார் மூணு மாசம். வேலையை முக்கால்வாசி பண்றது நம்ம எலும்பு. அதனாலதான் துளை போடும்போது சூடாகாம உப்புத் தண்ணி ஊத்திக்கிட்டே மெதுவாப் போடுவாங்க. 47 டிகிரி செல்சியஸ் சூட்டுல ஒரு நிமிஷம் இருந்தாலே எலும்பு பாதிக்கப்படும்னு கண்டுபிடிச்சிருக்காங்க.

இன்னொண்ணு, கீழ்த்தாடைக்குள்ள ஒரு நரம்பு ஓடுது, கீழ் உதட்டுக்கும் தாடை நுனிக்கும் உணர்ச்சி குடுக்கிறது. ஸ்க்ரூ அதைத் தொட்டுடக் கூடாது. அதனால எத்தனை மில்லிமீட்டர் எலும்பு இருக்குன்னு சிபிசிடின்னு ஒரு முப்பரிமாண ஸ்கேன் எடுத்து அளந்துட்டுத்தான் வைக்கணும்.

பலன் எப்படின்னா, நல்லாவே இருக்கு. பத்து வருஷம் கழிச்சும் நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல வாயில நிக்குதுன்னு நீண்டகால ஆய்வுகள் சொல்லுது. ஆனா யாரு வாயில, எப்படிப்பட்ட வாயிலங்கிறது முக்கியம்.

அது என்னவா இல்ல

விளம்பரத்துல "உங்க சொந்தப் பல் மாதிரியே"ன்னு போடுறாங்க. ரெண்டு இடத்துல அப்படி இல்ல.

நம்ம பல்லு எலும்போட நேரா ஒட்டியிருக்காது. நடுவுல மெல்லிசா நார் மாதிரி ஒரு திசு இருக்கு. பல் அதுல தொங்குது. சோத்துல சின்னக் கல் இருந்தாக் கூட டக்குனு தெரியுதுல்ல? அந்தத் திசு அனுப்புற சேதிதான் அதுல பெரும்பங்கு. இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது. எலும்புல நேரா நிக்குது, அமுங்காது, அவ்வளவு நுணுக்கமா உணராது. அதனால கடி உயரத்தை ரொம்பக் கவனமா அட்ஜஸ்ட் பண்ணணும். ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கிற பழக்கம் இருந்தா முன்னாடியே சொல்லிடணும்.

அடுத்தது, இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராது, ஆனா சுத்தி இருக்கிற ஈறுக்கும் எலும்புக்கும் நோய் வரும். அழுக்கு சேர்ந்தா ஈறு வீங்கி, எலும்பு கரைஞ்சு, ஸ்க்ரூ ஆட ஆரம்பிக்கும். வலி தெரியாமலே கூட நடக்கும். வலிக்கலன்னு விட்டு ஒரு பல்லைத் தொலைச்சவனுக்கு இதை விட என்ன எச்சரிக்கை வேணும்?

நம்ம துறைக்காரங்களுக்கு ஒரு டிப். இம்ப்ளான்ட் கம்பெனிகள் நிறைய இருக்கு, ஸ்ட்ராமன், நோபல் பயோகேர், ஆஸ்டெம்னு. ஒவ்வொண்ணுக்கும் இணைப்பு வேற, திருகுற கருவி வேற. இன்னைக்குச் சென்னை, நாளைக்குப் பெங்களூரு, அப்புறம் எந்த நாடோ. அஞ்சு வருஷம் கழிச்சு உள்ளே ஸ்க்ரூ லூஸானா, அங்கே இருக்கிற டாக்டருக்கு இது எந்த கம்பெனி, எந்த அளவுன்னு தெரியணும். அதனால கம்பெனி பேர், மாடல், விட்டம், நீளம், லாட் நம்பர் இதெல்லாம் இருக்கிற கார்டைக் கேட்டு வாங்கி ஃபோட்டோ எடுத்து வைங்க. "லைஃப்டைம் வாரண்டி"ன்னா ஸ்க்ரூவுக்கு மட்டுமா, கேப்புக்குமா, திரும்ப வைக்கிற டாக்டர் ஃபீஸுக்குமான்னு எழுத்துல கேளுங்க.

அந்த டிக்

இப்போ அந்த ஃபார்முக்கு வர்றேன்.

டாக்டரம்மாவும் கேட்டாங்க, "சிகரெட் உண்டா?" நான் "இல்ல டாக்டர்"னேன். அவங்க ஒண்ணும் சொல்லல. கண்ணாடியை என் கையில குடுத்து, இன்னொரு கண்ணாடியை வாய்க்குள்ள வச்சுக் காட்டுனாங்க. கீழ் முன்பல்லோட பின்பக்கம் பூரா பழுப்புக் கறை. "தம்பி, நான் உங்க வீட்டுல சொல்லப் போறதில்ல. ஆனா எலும்புகிட்ட மறைக்க முடியாது"ன்னாங்க.

ஒரு நாளைக்கு ஏழு, ரிலீஸ் இருந்தா பத்து. டீக்கடையில ஆரம்பிச்சது, காலேஜ் மூணாவது வருஷம். சொல்லிட்டேன்.

புகை ஈறுக்குப் போற ரத்த ஓட்டத்தைக் குறைக்குது, புண் ஆறுறது தாமதமாகுது, இம்ப்ளான்ட் தோத்துப் போற வாய்ப்பு பிடிக்காதவங்களை விட கூடுது. புகை பிடிக்கிற எல்லாருக்கும் தோக்கும்னு இல்ல. ஆனா அவங்க ஒரு கணக்கு வச்சாங்க. "இன்னைக்குப் பல்லை எடுத்துடறேன். குழி ஆறட்டும். மூணு மாசம் கழிச்சு வாங்க. விட்டுட்டு வந்தா இம்ப்ளான்ட். விடலன்னா உக்காந்து பிரிட்ஜ் பத்திப் பேசுவோம்."

மாசக்கணக்குல தள்ளிப் போடவும் முடியாது. பல் எடுத்ததும் அந்த இடத்து எலும்பு ஒடுங்க ஆரம்பிக்குது, முதல் சில மாசம்தான் வேகமா. ரொம்ப ஒடுங்கிட்டா எலும்புத்தூள் வச்சு நிரப்பணும், அதுக்குத் தனிச் செலவு. அதனால எனக்கு இருக்கிறது ஒரு மூணு மாசம். இன்னைக்கு ஏழாவது வாரம்.

நாலாவது வாரம் ஒண்ணு பிடிச்சேன். அதையும் டாக்டரம்மாகிட்ட சொன்னேன். "ஒண்ணு ஒண்ணுதான். பத்தாக்காதீங்க"ன்னாங்க. அதுக்கப்புறம் இல்ல.

உண்மையைச் சொன்னா, 38,000 என்னைத் தடுக்கல, ஊசியும் தடுக்கல. ஃபார்ம்ல ஒரு டிக் பொய்யா அடிச்சேன்ல, அதை நம்பி அன்னைக்கே அவங்க ஸ்க்ரூ வச்சிருந்தா? தோத்திருந்தா அவங்களைத்தான் திட்டியிருப்பேன். நட்சத்திரம் ஒண்ணு போட்டு ரிவ்யூ எழுதியிருப்பேன். என் வாயில நடக்கிற வேலையில பாதித் தகவல் என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அதைக் குடுக்காம நல்ல சிகிச்சை எதிர்பாக்குறது நியாயம் இல்ல.

இன்னொரு ஆள்கிட்டயும் சொல்ல வேண்டியிருந்துச்சு. அம்மா இந்த பாட்காஸ்ட்டைக் கேப்பாங்க. பக்கத்து வீட்டு அண்ணன் பொண்ணு ஃபோன்ல போட்டுக் குடுக்கும். அவங்க இதை இங்கே கேட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு, ரெக்கார்டிங்குக்கு முந்தின ராத்திரி ஃபோன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. சீரியல் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் சொன்னாங்க: "உங்கப்பாவும் டாக்டர்கிட்ட பாக்கு போடுறதில்லன்னுதான்யா சொன்னாரு. டம்ளர்ல கிடக்கு பாரு." அவ்வளவுதான். அதுக்கப்புறம் சாப்பிட்டியான்னு கேட்டாங்க.

ஆக, நான் எடுத்திருக்கிற முடிவு: இம்ப்ளான்ட். ஆனா இன்னும் அஞ்சு வாரம் கழிச்சு, சொன்ன சொல்லைக் காப்பாத்துனா மட்டும். இது என் வாய்க்கான முடிவு. உங்க பக்கத்துப் பல்லு, உங்க எலும்பு, உங்க சர்க்கரை, உங்க பர்ஸ் எல்லாம் வேற. பிரிட்ஜே போதும்னு உங்க டாக்டர் காரணத்தோட சொன்னா அதுவும் சரியான முடிவுதான்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் எல்லாருக்கும் பொது. இதைக் கேக்குறவங்கள்ல ரூட் கெனால் பண்ணிட்டு கேப் போடாம இருக்கிறவங்க கண்டிப்பா இருப்பீங்க. வலிக்காது, தெரியும். எனக்கும் வலிக்கல. இந்த எபிசோட் முடிஞ்சதும் உங்க பல் டாக்டருக்கு ஃபோன் பண்ணி ஒரு அப்பாயின்ட்மென்ட் போட்டுடுங்க. 5,000 ரூபாய் வேலையை நான் 38,000 ஆக்கியிருக்கேன், அதுவும் ஒரு நல்ல பல்லை இழந்துட்டு.

அஞ்சு வாரம் கழிச்சு ஸ்கேன் எடுத்துட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் கடலை மிட்டாய் இடது பக்கம்தான். வர்றேன் மக்களே.